சாமி சொல்லாதது

என் புருஷன் நியோ மவுங் போன படகு திரும்ப வேண்டிய நாள் தாண்டிப் பத்தொன்பது நாளாகிவிட்டது. நடுவில் ஒரு புயல் அடித்தது. மற்ற படகுகள் எல்லாம் ஏதோ ஒரு தீவில் ஒதுங்கிக் கிடந்துவிட்டு வந்து சேர்ந்தன. அவருடையது மட்டும் வரவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை.

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சந்தையில் மீன்விழுதுக் கூடையைத் திறப்பேன், மூடுவேன், படகுத்துறைக்கு ஓடுவேன், திரும்புவேன். உலை வைத்தால் அரிசி வேகுமுன் இறக்கிவிடுவேன். இதற்கு நடுவில் என் நாத்தனார் மா லா யின் வேறு.

"அண்ணி, வர்ற பௌர்ணமிக்கு அஞ்சு சாமிங்களக் கூப்ட்டு சோறு போட்டு, புண்ணியத்த அண்ணனுக்கு அனுப்பிருவோம். ஆவி எங்க நின்னு தவிக்குதோ."

"உங்கண்ணன் செத்துட்டாருன்னு யாருடி சொன்னா?"

"யாரு சொல்லணும்? குன்று மேல உங்க தம்பி இருக்காரே, ஞானக்கண்ணோட. நல்ல சேதின்னா கூடப்பொறந்த அக்காவுக்கு ஒரு ஜாடையாவது காட்டிருக்க மாட்டாரா? அவரு சும்மா இருக்காருன்னாலே தெரியலயா?"

ஊர் முழுக்க இதே பேச்சுதான். என் தம்பி இப்போது அந்தக் குன்று மடத்தில் ஊ நாகிதா என்ற பெரிய சாமி, புத்த பிக்கு. காணாமல் போன மாடு எங்கே நிற்கிறது, வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா, எல்லாம் அவனுக்குத் தெரியும் என்று ஊர் நம்புகிறது. அவன் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லவும் கூடாது. தனக்கு இல்லாத சித்தியை, ஞானக்கண் மாதிரியான சக்தியை, இருக்கிறது என்று ஒரு பிக்கு சொன்னால் அந்த நிமிஷமே அவர் பிக்கு இல்லை. இருந்தாலும்கூட எங்களைப் போன்ற குடும்பஸ்தர்களிடம் சொல்வது குற்றம். அதனால் ஊரார் அவன் தும்முவதையும் இருமுவதையும் படித்துக்கொள்வார்கள். வாழைப்பழம் கொடுத்தால் ஓர் அர்த்தம், ஆரஞ்சு கொடுத்தால் வேறொன்று.

நான் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. ஏழு வயது வரை பாயை நனைத்தவன் அவன், துவைத்துப் போட்டவள் நான். அவனாவது ஞானக்கண்ணாவது என்று மனசுக்குள் சிரித்துக்கொள்வேன். ஆனால் பத்தொன்பது நாளில் அந்தச் சிரிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. இருபதாம் நாள் மத்தியானம், சாமிகள் சாப்பாடு முடித்த கையோடு, குன்று ஏறினேன்.

தம்பி தாழ்வாரத்தில் ஜெப மணிமாலையோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மடத்துக் காரியம் பார்க்கும் ஊ டுன் யி, வெற்றிலையை மென்றபடி. பெண்ணோடு பிக்கு தனியாக இருக்கக் கூடாது, எனவே அவர் எப்போதும் உண்டு. மூன்று முறை விழுந்து கும்பிட்டேன்.

"சாமி, அவரு உயிரோட இருக்காரா?"

அவன் விரலுக்கடியில் மணி உருண்டது.

"இடது பக்கமா உருளுது, கவனிச்சியா?" என்று ஊ டுன் யி என் காதருகே கிசுகிசுத்தார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க மாமா!"

தம்பி மணியைக் கீழே வைத்தான். "ஊ டுன் யி, நீங்க அந்தப் படிக்கட்டுல போய் உக்காருங்க. கண்ணுல பட்டாப் போதும், காதுல விழ வேண்டாம்." அவர் மனசில்லாமல் எழுந்து போனார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது, அக்கா."

இருபத்திரண்டு வருஷமாக மற்ற பக்தைகளைப் போல என்னையும் 'உபாசகி' என்று மட்டுமே கூப்பிட்டவன். அக்கா என்றதும் நான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன்.

"கண்ண மூடுனா இருட்டுதான். அத்தான் போனதுலருந்து உக்காரவே முடியல. நீ துறைக்கும் வீட்டுக்கும் நடக்கற, நான் இந்தத் தாழ்வாரத்துல நடக்கறேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

"அப்ப ஊரு சொல்றதெல்லாம்?"

"நான் ஒரு தடவகூட இருக்குன்னு சொன்னதில்ல."

"இல்லன்னும் சொன்னதில்லயேடா!" மரியாதை காற்றில் போய்விட்டது. "நீ சும்மா இருந்தத வச்சே அவரக் கொன்னுட்டாங்க. அங்க பந்தலுக்கு மூங்கில் எறங்கிருச்சு, தெரியுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மொதல்ல கூச்சமா இருந்துச்சு. அப்புறம் பழகிருச்சு. அப்புறம், பொய் சொல்ல மாட்டேன், நல்லாவும் இருந்துச்சு."

எனக்கு ஆத்திரமும் வந்தது, அவன் தலையைத் தடவிக் கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது. பிக்குவைத் தொட முடியாது.

"பௌர்ணமி உபதேசத்துல எல்லாருக்கும் முன்னால சொல்லு. தெரியாதுன்னு சொல்லு. அப்பத்தான் என்னைக் காத்திருக்க விடுவாங்க."

"சொல்றேன்," என்றான்.

பௌர்ணமிக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. காலையிலேயே புழுக்கம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேல்துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தேன். மா லா யின் என் முழங்காலை அழுத்திப் பிடித்து, "ஆடாதீங்க அண்ணி," என்றாள்.

தம்பி மேடையில் உட்கார்ந்து, உபதேசத்தின்போது பிக்குகள் முகத்தை மறைக்கும் விசிறியை ஓரமாக வைத்தான். சுற்றி வளைக்கவில்லை.

"எனக்கு ஞானக்கண் கெடையாது. எந்தச் சித்தியும் கெடையாது. உங்கள நம்ப விட்டுட்டு இத்தனை வருஷம் சும்மா இருந்தேன், அது என் தப்பு. நியோ மவுங் இருக்காரா இல்லையான்னு..." அங்கே குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எனக்குத் தெரியாது."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஒரே ஒரு மூச்சுக்கு.

"சாது! சாது! சாது!" நன்று, நன்று என்ற அந்த வாழ்த்தை ஊ டுன் யிதான் முதலில் கத்தினார். மண்டபமே அவரோடு சேர்ந்து முழங்கியது. நெற்றிகள் தரையில் பட்டன. சிலர் அழுதார்கள்.

"கேட்டியா?" என்றார் எனக்குப் பின்னால் ஒருவர். "நெசமாவே இருக்கறவங்க என்னைக்கு இருக்குன்னு ஒத்துக்கிட்டாங்க?"

"அதச் சொல்லு. இப்படி மறுக்கணும்னா எவ்வளவு உசரத்துல இருக்கணும்!"

"எந்த எடத்துல குரல் உடைஞ்சுது, கவனிச்சீங்களா? அத்தான் பேரச் சொல்றப்ப. பாவம், அக்காவுக்கு எப்படிச் சொல்லுவாரு வாயால?"

மா லா யின் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அண்ணே!" என்று ஓலமிட்டாள். சுற்றியிருந்த பெண்கள் நெருங்கி வந்தார்கள். ஒருத்தி என் முதுகைத் தடவினாள், ஒருத்தி என் கொண்டையிலிருந்த பூவை எடுத்தாள்.

"அவருக்குத் தெரியாதுடி! இப்பத்தானே சொன்னாரு! காது இல்லையா உங்களுக்கு?"

"அழுதுரும்மா. அடக்காதே."

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு எழுந்து மேடையைப் பார்த்தேன். தம்பி எழுந்து நின்றிருந்தான். இரைச்சலில் அவன் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. என்னையே பார்த்து, இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினான்.

நான் அப்படிச் சொல்லவில்லை, இவர்கள் நினைப்பது போல இல்லை என்றுதான் ஆட்டினான். எனக்கு அது நன்றாகத் தெரியும். அவனை வளர்த்தவள் நான். மண்டபம் முழுவதும் அந்தத் தலையாட்டலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. தெரிந்தும், அத்தனை பேருக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மா லா யின் தோளில் சாய்ந்து, என் புருஷன் செத்துப்போனதற்கு நான் அழ ஆரம்பித்தேன்.