உருளையில் மிச்சமிருக்கும் மூன்று

1

இந்தக் கதை என் கோழைத்தனத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சுற்றிவளைக்க வேண்டாம். கென்டக்கியில், எங்கள் ஊர்த் துப்பாக்கிக் கடையில், செவ்வாய் மதியம் ஒரு பெண் குண்டு வாங்கியதைப் பார்த்தேன். பெயர் தெரியாது. நதீன் என்று வைத்துக்கொள்கிறேன்.

[முதல் வரியாக "நதீனின் கைகள் நடுங்கின" என்று எழுதி அடித்துவிட்டேன். நடுங்கவில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.]

2

அவளுடையது பைக்குள் அடங்கும் குட்டை ரிவால்வர். ஐந்து குண்டு பிடிக்கும். கையில் எடுத்தால் எடையே தெரியாது. கடைக்காரர் ஹார்லன் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"இந்தத் தட்டத் தலைக் குண்ட எடுத்துக்கம்மா. துப்பாக்கி லேசு. பலமான குண்டு போட்டா உன் கையத்தான் உதைக்கும்."

"இது குறி பழகக் காகிதத்துல ஓட்ட போடுறதுதானே அண்ணே?"

"மனுஷன் மேலயும் போடும்."

"என் முன்னாள் புருஷன நீங்க பாத்ததில்ல. வெள்ளிக்கிழமை ஜெயில்லேந்து விடுறாங்க. கதவ ஒடச்சிட்டு வர்றவன் அவன். இருக்கிறதுலயே பலமானதக் குடுங்க."

காபியோடு நின்றிருந்த நாலு பேரும் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். "பெருசாவே எடு தாயி, பயம் தெளியும்" என்றான் ஒருவன். பலமான குண்டுப் பெட்டியையே எடுத்தாள்.

3

கடைக்குப் பின்னால் சுட்டுப் பழகும் கூடம். அவளுக்குப் பக்கத்தில் நான். ஐந்தும் போட்டு இரண்டு சுட்டாள். "ஐயோ!" என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சுட்ட இரண்டு கூடுகளையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதிதாக இரண்டு போட்டு, மூடிப் பைக்குள் வைத்தாள்.

லேசான துப்பாக்கியின் உதையில், சுடாத குண்டின் தலை கூட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவும். சுடாமல் மிச்சமிருந்த அந்த மூன்றும் ஏற்கெனவே இரண்டு உதை வாங்கியவை. இன்னும் ஒன்றோ இரண்டோ வாங்கினால் ஒரு தலை வெளியே நீட்டிக்கொள்ளும். குண்டுகள் இருக்கும் உருளை முட்டிக்கொண்டு சுற்றாது. அவள் விசையை எவ்வளவு இழுத்தாலும்

[இதை முடிக்க என்னால் ஆகவில்லை.]

4

ஏன் சொல்லவில்லை? ஏற்கெனவே ஐந்து ஆண்கள் அவளுக்குப் புத்தி சொல்லியிருந்தார்கள். ஆறாவது ஆளாக வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். நாகரிகமாம்! மண்ணாங்கட்டி.

மறுநாள் அவள் விலாசம் கேட்டு ஹார்லனிடம் ஓடினேன்.

"குண்டு வாங்க வர்றவங்ககிட்ட பேரு விலாசமா கேப்பேன்? நீ பக்கத்துலதானய்யா நின்ன, வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அவன் வரவே இல்லை. (அவளே நம்பாததை நான் எப்படி நம்புவது?)

அவளாகவே அந்த மூன்றையும் எடுத்து எறிந்துவிடுகிறாள். (யார் சொல்லி?)

கதவு உடைகிறது. ஒன்று சுடுகிறாள், குறி தவறுகிறது. இரண்டாவது

மாட்டேன். பயமாக இருக்கிறது.

இன்று வியாழன். அவளுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், பாருங்கள், இதுவும் கோழைத்தனம்தான். உங்களில் யாராவது இந்தப் பக்கம் இருந்தால், பழுப்புக் கைப்பை, வீங்கிய வலது மணிக்கட்டு, அப்படி ஒருத்தி கண்ணில் பட்டால், அந்த மூன்றையும் எடுத்துவிட்டுத் தட்டைத் தலைக் குண்டைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்பாள். ஆறாவது ஆள் என்று சொல்லுங்கள்.