தொப்பித் துண்டு

ஞாயிற்றுக்கிழமை மதிய ஜோடி நடன ஆட்டத்துக்கு வாத்தியக்காரர்களில் முதலில் வந்து சேர்வது எப்போதும் வெர்லன்தான். மற்றவர்கள் பெட்டியைத் திறந்து தோளில் மாட்டினால் வேலை முடிந்தது. ஸ்டீல் கிட்டார் அப்படியல்ல. நாலு கால்களையும் திருகி நிறுத்தி, அடியில் பெடல்களைப் பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் கம்பி கோத்து, முழங்காலால் தள்ளுகிற நெம்புகோல்களைச் சரிபார்த்து, தகரக் கூரையின் வெக்கைக்குத் தந்திகள் பழகும்வரை காத்துக் கிடக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால் இஸ்திரி மேசை மாதிரி இருக்கும். பின்னால் உட்கார்ந்தவரின் கைகால் நாலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஜனங்களுக்குத் தெரிவது தலை மட்டும்தான்.

கடைசி வேலையாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு கம்பளித் துண்டை எடுத்து, முதல் பெடல் வந்து முட்டுகிற இடத்தில் செருகினார். பழைய தொப்பியின் விளிம்பிலிருந்து அவரே வெட்டியது. மிதித்த காலை எடுத்தால் அந்தப் பெடல் மேலே திரும்பி 'டொக்'கென்று ஒரு தட்டுத் தட்டும். எண்ணெய் விட்டும் பார்த்தார், திருகியும் பார்த்தார், அது கேட்பதாக இல்லை. தொப்பித் துண்டை வைத்தால் மட்டும் வாயை மூடிக்கொள்ளும்.

பாடகர் டாயில் நடத்துகிற அந்தக் குழுவில் வயலின் கிடையாது. ஆனாலும் ஆட்டம் முடிந்ததும், வாராவாரம் ஆட வருகிற ஹோலுப் அம்மாள் புருஷனின் கையைப் பிடித்தபடி மேடைக்குக் கீழே வந்து, வயலின் தன்னை இன்றைக்கும் அழ வைத்துவிட்டது என்று டாயிலிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். டாயில் தொப்பியைத் தூக்கி நன்றி சொல்வார். வெர்லன் குனிந்து பெடல்களைக் கழற்றிக்கொண்டிருப்பார். ஆரம்பத்தில் அது அவருக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. வாத்தியத்தின் பெயர் தெரியாவிட்டால் என்ன, என் ஸ்டீலைக் கேட்டுத்தானே அழுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்.

மனைவி நெல்டா போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு இருந்தது இந்த ஞாயிறு ஒன்றுதான். மற்ற நாளெல்லாம் பம்பு பழுது பார்க்கிற கொட்டகையில் கிரீஸோடு கிடப்பார். அங்கே பேச்சுத் துணை என்று பார்த்தால் பம்புகள்தான். வாரத்தில் ஒரு நாள், ஒரு மத்தியானம், தான் வராவிட்டால் காரியம் நடக்காது என்று ஓர் இடம் இருந்தது.

அந்த இடத்துக்கும் இப்போது ஆபத்து வந்திருந்தது. கூட்டம் குறைகிறது, அடுத்த மாதத்திலிருந்து குழுவில் ஓர் ஆளை எடுத்துவிட்டுப் புது ஆளைப் போடச் சொல்கிறார்கள் ஆட்டக் கூடத்துக்காரர்கள் என்று டாயில் போன வாரம் சொன்னார். கர்ட்டிஸ் என்று ஒரு பையன் கீபோர்டு வாசிக்கிறானாம், ஒரே பெட்டியில் எல்லா வாத்தியமும் வருமாம். யார் போவது என்று இன்னும் முடிவாகவில்லை என்றார். டிரம் அடிப்பது டாயிலின் மச்சான். பேஸ் வாசிப்பது மகன். பாடுவது டாயிலேதான். இதில் முடிவு செய்ய என்ன இருக்கிறது என்று வெர்லன் கேட்கவில்லை.

அந்த வாரமே சான் அன்டோனியோவிலிருந்து ஒரு போன் வந்தது. ஸ்டீல் கிட்டார் ஓசையை ஒலிப்பதிவு செய்ய வேண்டும், வர முடியுமா என்று கேட்டார்கள். கேட்டு முடிப்பதற்குள் வெர்லன் சரி என்றுவிட்டார். ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்துவிட்டு வந்தவனை டாயில் அவ்வளவு லேசில் அனுப்பிவிட முடியாது. கொட்டகைக்கு லீவு சொல்லிவிட்டு, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். தொப்பித் துண்டு ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் பையிலேயே இருந்துவிட்டது.

கூடத்தில் பாடகர் யாரும் இல்லை, பாட்டும் இல்லை. கிரெய்க் என்ற இளைஞன் மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வாசிக்கச் சொன்னான். இழுக்க வேண்டாம், வளைக்க வேண்டாம், நேராக ஒரு தட்டு, ஓசை அடங்கும்வரை சும்மா இருந்தால் போதும். எதற்கென்று வெர்லன் கேட்டதற்கு, கம்ப்யூட்டரில் சேமித்து வைக்க என்றான். அருங்காட்சியகத்தில் வைப்பது போல இருக்கும் என்று வெர்லன் எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கிரெய்க் அதைப் போட்டுக் காட்டினான். தகரத்தில் ஆணி விழுந்த மாதிரி ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. வெர்லனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இது ஸ்டீலே இல்ல தம்பி. பொணத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி இருக்கு. இதையா வெளியில காட்டப் போறீங்க?"

"எங்களுக்கு இவ்வளவுதான் வேணும்னு சொல்லியிருக்காங்க சார்."

"ஒரு சுரம் இன்னொண்ணுக்குப் போற வழி இருக்கே, அதுதான் ஸ்டீல். நீங்க நின்ன எடத்தை மட்டும் கேக்குறீங்க. கொஞ்சம் இருங்க, தர்றேன்."

தந்தார். கீழிருந்து மேலே ஏறுகிற இழுப்பு, மேலிருந்து விம்மி இறங்குகிற இழுப்பு, பாதி வழியில் நின்று யோசிக்கிற இழுப்பு, ஒவ்வொரு தந்தியிலும், ஒவ்வொரு இடத்திலும். முதல் பெடல் மட்டும் கால் எடுக்கும்போதெல்லாம் டொக்கென்றது. வெர்லனுக்கு மானம் போயிற்று. ஏதாவது துணி கிடைக்குமா என்று கேட்டார். பரவாயில்லை, பிறகு அழித்துக்கொள்ளலாம் என்றான் கிரெய்க். மதியச் சாப்பாட்டைக்கூட அவர் வேண்டாமென்றுவிட்டார். கிரெய்க் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்றான். அப்படி யாரும் தன்னிடம் கேட்டு எத்தனை காலமாயிற்று. கிளம்பும்போது, பெயரை எங்கே போடுவீர்கள் என்று விசாரித்தார். பெயரெல்லாம் வராது, நம்பர்தான் வரும் என்று கிரெய்க் மரியாதையாகவே சொன்னான்.

விஷயத்தைக் கேட்டு டாயில் முதுகில் தட்டி, நீ பெரிய ஆளாகிவிட்டாய் என்றார். வெர்லன் அந்த வாரங்களில் கொட்டகையில் சீட்டியடித்துக்கொண்டே வேலை பார்த்தார். மாதக் கடைசியில் டாயில் கொட்டகைக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று தொப்பியைக் கையில் சுற்றினார். அதைப் பார்த்ததுமே வெர்லன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"என் மேல கோவப்படாதய்யா," என்றார் டாயில். "மச்சானை அனுப்பினா வீட்டுல சோறு கெடைக்காது."

"கோவமெல்லாம் இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. அந்தப் பெட்டியில அக்கார்டியன் வரும், பியானோ வரும். ஸ்டீல் வராது. கம்ப்யூட்டர்ல வந்ததை நான் கேட்டிருக்கேன், செத்த பொணம் அது. ஹோலுப் அம்மா ரெண்டு வாரம் பொறுப்பா. மூணாவது வாரம் உன் சட்டையைப் பிடிப்பா."

"அப்படி ஆச்சுன்னா நானே உனக்குப் போன் பண்ணிக் கூப்பிடுறேன். சத்தியமா."

டாயில் அதை மனதாரத்தான் சொன்னார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. வெர்லன் அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டார். ஸ்டீலைப் பெட்டியோடு வண்டியிலேயே ஏற்றி வைத்தார், கூப்பிட்டால் உடனே கிளம்ப வசதியாக. ஞாயிற்றுக்கிழமைகளில் போனுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இந்நேரம் முதல் வால்ட்ஸ் நடனம் ஓடிக்கொண்டிருக்கும், இந்நேரம் ஹோலுப் அம்மாள் முகம் சுளித்திருப்பாள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஒருமுறை மணி அடித்தது. யாரோ தப்பு நம்பர். இன்னும் கொஞ்ச நேரம் பேச்சை நீட்டியிருக்கலாமே என்று போனை வைத்த பிறகு தோன்றியது.

மழைக்காலம் தொடங்கியபோது அவரால் பொறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மற்றவர்களைப் போல வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு ஆட்டக் கூடத்துக்குள் நுழைந்தார். சமையலறை ஜன்னலில் லொரீன் அவரைப் பார்த்துவிட்டு, என்ன, எங்களை மறந்தே போயாச்சா என்று கேட்டாள். கேட்காமலே தட்டில் பன்றித் தொத்திறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துக் கொண்டுவந்து ஓர மேசையில் வைத்தாள். மேடையில் அவர் உட்காருகிற இடம் காலியாக இருந்தது. அங்கே யாரோ மழைக்கோட்டுகளைக் குவித்திருந்தார்கள்.

முதலில் துள்ளி ஆடுகிற ஒரு போல்கா. பெட்டியிலிருந்து அக்கார்டியன் வந்தது. பரவாயில்லை, ஆனால் துருத்தியின் மூச்சு இல்லை. வெர்லனுக்கு உள்ளுக்குள் தெம்பு வந்து, ஒரு துண்டு இறைச்சியை வெட்டி வாயில் போட்டார். அடுத்தது வால்ட்ஸ். ஜோடிகள் எழுந்து வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தார்கள். டாயில் முதல் அடியைப் பாடி நிறுத்த, பெட்டியிலிருந்து ஸ்டீல் தொடங்கியது.

வெர்லன் வாயில் இருந்ததை மெல்லாமல் நிறுத்தினார். கீழிருந்து ஏறியது. பாதி வழியில் நின்று யோசித்தது. விம்மி இறங்கியது. செத்த பொணம் இல்லை அது. கர்ட்டிஸ் நல்ல பையனாகத்தான் தெரிந்தான். ஒரு கையால் வாசித்துக்கொண்டு இன்னொரு கையால் கோலாவைக் குடித்துக்கொண்டிருந்தான். இந்த வாசிப்பை எங்கே கேட்டிருக்கிறோம் என்று வெர்லன் நெற்றியைத் தேய்த்தார். அப்போது, இழுப்பு இறங்கி முடிகிற இடத்தில், கேட்டும் கேட்காத மாதிரி அது வந்தது.

டொக்.

பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று கிரெய்க் சொன்னானே. அழிக்கவில்லை.

லொரீன் காலித் தட்டுகளை எடுக்க வந்தாள். வெர்லன் அவள் முழங்கையைத் தொட்டார்.

"லொரீன், அது நான்தான்."

"எதுப்பா?"

அவர் மேடையைக் காட்டக் கையைத் தூக்கினார். அங்கே கர்ட்டிஸ் இருந்தான், பெட்டி இருந்தது, மழைக்கோட்டுகள் இருந்தன.

"ஒண்ணுமில்ல. காரம் கொஞ்சம் தூக்கல்."

பாட்டு முடிந்ததும் ஹோலுப் அம்மாள் மேடைக்குக் கீழே போய் நின்றாள். முன்பெல்லாம் கடைசிவரை காத்திருப்பாள். இன்றைக்குப் பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது. அவள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி ஏதோ சொன்னது வெர்லனுக்குக் காதில் விழவில்லை. விழ வேண்டிய அவசியமும் இல்லை. டாயில் தொப்பியைத் தூக்கினார். தூக்கிய கையோடு ஓர மேசைப் பக்கம் பார்த்துவிட்டு, தொப்பியை மறுபடி தலையில் வைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுத்த வால்ட்ஸுக்குக் கணக்குச் சொன்னார்.

வெர்லனின் விரல்கள் சட்டைப் பைக்குள் போய்த் தொப்பித் துண்டைப் பிடித்துக்கொண்டன. மேசைக்கு அடியில் அவரது இடது கால் தானாகத் தரைப் பலகையை அழுத்தி, இழுப்பு இறங்கும்போது மெல்ல எழும்பியது. எழும்பிய அதே நொடியில், ஒலிபெருக்கியில் டொக்கென்றது.