சேர்த்து ஒட்டிய சீட்டு

கோவையில் நடந்த அந்தத் தொழில்நுட்பக் கூட்டத்துக்குத் தலைவரும் கிடையாது, நிகழ்ச்சி நிரலும் கிடையாது. வருகிறவர்களே ஒரு தலைப்பைச் சீட்டில் எழுதிப் பலகையில் ஒட்ட வேண்டும். எழுதியவரே பேச வேண்டும். ஒரே தலைப்பை இரண்டு பேர் எழுதிவிட்டால் சீட்டுகளைச் சேர்த்து ஒட்டிவிடுவார்கள். ஆட்களையும்தான்.

பூபதிக்கு இதில் ஆட்சேபம் இல்லை. பதிவுப் படிவத்திலேயே எழுதியிருந்தது. எல்லோரையும் போல அவரும் அதைப் படிக்காமல் சம்மதம் கொடுத்திருந்தார்.

சும்மா உட்கார்ந்து கேட்டுவிட்டு, மதியத்துக்குள் வீடு திரும்பி, மகள் இலக்கியாவை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போவதாகத்தான் திட்டம். ஆனால் சும்மா உட்காருகிறவர்களுக்கு அங்கே நாற்காலி போடவில்லை. வேறு வழியில்லாமல் 'பழைய லேப்டாப்பை என்ன செய்வது?' என்று எழுதிக் கொடுத்தார்.

பலகையருகே நின்ற தாமரை என்ற பெண் அதை வாங்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதையேதான் இவரும் எழுதியிருக்காரு."

பக்கத்தில் கார்வேந்தன் என்று அட்டை மாட்டிய நெட்டையான ஒருவர் நின்றிருந்தார். கும்பிட்டார். பூபதியும் கும்பிட்டார்.

"சேத்துரலாங்களா? ரெண்டு பேருல யாரு மேல வர்றீங்க? மேல இருக்கறவருதான் பேசணுங்க," என்றாள் தாமரை.

பூபதி பேசாமல் "நான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாணப் பந்தியில்கூட ஊரெல்லாம் உட்கார்ந்த பிறகு இடம் தேடுகிற மனுஷன் அவர். பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

"நீங்களே பேசுங்க. எனக்கொண்ணுமில்லைங்க."

தாமரை பூபதியின் சீட்டுக்கு மேல் கார்வேந்தனின் சீட்டை ஒட்டினாள். நன்றாகப் பிடிக்கட்டும் என்று கட்டைவிரலால் நான்கு தடவை தேய்த்தாள். பூபதி கார்வேந்தனுக்கு அடியில் போய்விட்டார்.

அடியில் இருட்டாக இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது. பூபதி வாசல் பக்கம் திரும்பினார். கால்கள் கார்வேந்தனோடு மேடைப் பக்கம் நடந்தன.

"ஏம்மா, என்னைப் பிரிச்சு விட்டுருங்க!"

தாமரை கார்வேந்தனின் சட்டையருகே காதைக் கொண்டுவந்தாள்.

"மேல இருக்கறவரு வேண்டாம்னு சொன்னாத்தான் பிரிக்க முடியுங்க."

"எனக்கொண்ணும் தொந்தரவு இல்லீங்க," என்றார் கார்வேந்தன்.

அவர் பிரமாதமாகப் பேசினார். பழைய லேப்டாப்புகளைக் கிராமத்து நூலகங்களுக்குக் கொடுக்கலாம் என்றார். அது பூபதி மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாமல் மனதில் வைத்திருந்த யோசனை.

"இது எப்படிங்க தோணுச்சு?" என்று ஒருவர் கேட்டார்.

"தானா வந்துச்சுங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். பூபதியின் கைகளும் தட்டின. மகளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், அவள் அப்பாவின் குரலைத் தெரிந்துகொண்டு அம்மாவை இங்கே அனுப்பிவிடுவாள் என்று நினைத்தார்.

அப்போது பூபதியின் பையில் இருந்த போன் அடித்தது. கார்வேந்தன் எடுத்தார்.

"அப்பா, எப்ப வருவீங்க? நீச்சலுக்கு நேரமாச்சு," என்றாள் இலக்கியா.

"இதோ கெளம்பிட்டேன் கண்ணு."

"சரிங்கப்பா."

அவளுக்குக் குரலில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பூபதி இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, "இலக்கியா! அப்பா இங்க இருக்கேன்!" என்று கத்தினார்.

அது மறுமுனையில் குழந்தைக்கும் கேட்டது.

"அப்பா, உங்க கூட யாரு?"

"யாருமில்லையே கண்ணு."

"யாரோ என் பேரைச் சொல்றாங்க." அவள் குரல் தணிந்தது. "எனக்குப் பயமா இருக்கு. அவங்கள நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வராதீங்கப்பா."

"சரி கண்ணு," என்றார் கார்வேந்தன்.