மேதாவி மாட்டிய ஆக்ஸில்

என் வீட்டுக்காரரின் தம்பிக்கு முதுகுக்குப் பின்னால் நான் வைத்திருக்கும் பெயர் மேதாவி. கூரைத் தகடு விற்கிறவர். ஆனால் அவருக்குத் தெரியாத வேலை என்று ஒன்று இன்னும் பிறக்கவில்லை. எங்கள் பழைய பிக்கப்பின் முன் ஆக்ஸில் பாறையில் மோதி வளைந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், கூப்பிடாமலே வந்து நின்றார்.

வண்டியை ஓட்டுகிறவள் நான். மேட்டுத் தோட்டங்களுக்கு மரக்கன்று கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். முன்சக்கரமும் சேர்ந்து இழுக்காவிட்டால் அந்த ஏற்றம் ஏறாது. மெக்கானிக்கிடம் விடலாம் என்றேன். பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கச் சொன்ன மாதிரி அண்ணனும் தம்பியும் என்னைப் பார்த்தார்கள்.

மேதாவி, வண்டி உடைக்கிற இடத்திலிருந்து வேறொரு ஆக்ஸிலை வாங்கி வந்து ஷெட்டில் இறக்கினார்.

"தம்பி, இதுக்குள்ள இருக்கிற கியரோட பல் கணக்கும் பின் ஆக்ஸிலோட பல் கணக்கும் ஒண்ணுதானான்னு பாத்தீங்களா?"

"ஒரே கம்பெனி, ஒரே மாடல், அண்ணி. நீங்க போய் டீ போடுங்க."

என் வீட்டுக்காரர், "அவனுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, துடைத்த ஸ்பேனரையே மறுபடியும் துடைத்தார். தம்பியைக் கண்டால் அவருக்கு முதுகெலும்பு கழன்றுவிடும்.

நான் டீ போடவில்லை. படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். ஜாக்கி ஏற்றிச் சக்கரங்களைக் கழற்றினார்கள். ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த போல்ட்டுகள் துருவேறி அசைய மறுத்தன. மேதாவி துருவைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். அண்ணன் மல்லாந்து படுத்து அறுத்தார். பிரேக் ஹோஸைக் கழற்றியபோது ஆயில் மொத்தமும் மேதாவியின் சட்டையில் கொட்டியது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது.

சாயங்காலம் மேதாவி தெருவில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிட்டு, "சும்மா வழுக்கிட்டுப் போகுது" என்றார். முன்சக்கரத்தையும் இழுக்க வைக்கிற ஃபோர் வீல் லீவரைத் தொடவே இல்லை.

மறுநாள் ஏற்றத்தின் பாதியில் நான் அந்த லீவரைப் போட்டேன். வண்டி ஏறவில்லை, துள்ளியது. முன்சக்கரம் ஒரு வேகம், பின்சக்கரம் ஒரு வேகம் என்று இரண்டும் மல்லுக்கட்ட, அடியில் சம்மட்டியால் அடிப்பது போலச் சத்தம். இன்ஜின் நின்றது. லீவர் இறுகிப்போய் வரவில்லை. பக்கத்தில் பள்ளம். மறுபடி ஸ்டார்ட் செய்து, ரிவர்ஸில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியபோதுதான் லீவர் விட்டுக்கொடுத்தது. பாதிக் கன்றுகள் முறிந்திருந்தன.

வீட்டுக்கு வந்து மேதாவிக்குப் போன் போட்டேன்.

"பல் கணக்கு வேற, தம்பி. பழசுல இருந்த பல்லைக் கழட்டி இதுல போடணும். பழைய ஆக்ஸில் எங்க?"

"அதை இரும்புக் கடையில போட்டுட்டேனே. வளைஞ்சது எதுக்கு?"

"வளைஞ்சது வெளிக்கூடு. உள்ள பல்லு நல்லாத்தானே இருந்துச்சு?"

"அது எனக்கும் தெரியும்" என்றார். தெரிந்தால் ஏன் போட்டாராம்?

நல்லவேளை, இரும்புக் கடையில் அது ஓர் உடைந்த ஃபிரிட்ஜுக்கு அடியில் கிடந்தது. மீட்டுக் கொண்டுவந்தோம். இந்தத் தடவை மேதாவிக்கு இடுப்புவலி. வண்டிக்கு அடியில் என் வீட்டுக்காரர் மட்டும்தான்.

"சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்படித்தான். வேண்டாம்னா மூஞ்சி சுருங்கிடும்" என்றார் அடியிலிருந்து.

"அவர் மூஞ்சி சுருங்கக் கூடாதுன்னு நான் பள்ளத்துல விழணுமா?"

ஸ்பேனர் சத்தம் நின்றது. வெளியே வந்தார், கையைக்கூடத் துடைக்காமல் தம்பிக்குப் போன் செய்தார். "இனிமே எங்க வண்டியைத் தொடாதேடா." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போலத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டார். என்னை நிமிர்ந்து பார்க்காமல் மறுபடி அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். கேட்காமலே அடுத்த ஸ்பேனரை நீட்டினேன்.

வண்டி இப்போது ஒழுங்காக ஏறுகிறது. மேதாவி தன் மாமனாரின் டிராக்டரைப் பிரித்துப் போட்டிருக்கிறாராம். அந்த மனுஷருக்கு என்ன போதாத காலமோ.