கறுப்புக் கண்ணாடி

நாத்தனார் ஜெரால்டின் பார்த்து வயிறெரிய வேண்டும் என்றுதான் ஜாக்லின் தன் பிறந்தநாளுக்குத் தோழிகளோடு ஆடிப் பாடிக்கொண்டு போகும் பார்ட்டி பஸ்ஸை வாடகைக்கு எடுத்தாள். ஜொகூர் பாரு நகரத்துக்குப் போக வேண்டிய பஸ், அவள் சொன்னபடி லாயாங் லாயாங் ஊரில் ஜெரால்டின் வீட்டு வாசலில் நின்றது. சாயங்கால வெயிலில் வெளியே வந்த ஜெரால்டின், பஸ் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

“இவ்வளவு கை காட்டுறேன், கண்டுக்காம போறா!” என்று பஸ்ஸுக்குள் ஜாக்லின் கொதித்தாள்.

ஓட்டுநர் கமலநாதன் பொறுமையாக விளக்கினார். “கறுப்பு ஃபிலிம் ஒட்டின கண்ணாடிம்மா. எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம்தான் தெரியும். இருட்டினதும் உள்ளே லைட் போட்டா நீங்க பளிச்சுன்னு தெரிவீங்க.”

“அப்ப இருட்டட்டும். தெரிஞ்சதும் போலாம்.”

“அலமாக், பசிக்குது லா அக்கா!” என்று அலுத்துக்கொண்டார்கள் தோழிகள்.

காத்திருந்த அலுப்பில் ஜாக்லின் செருப்பைக் கழற்றி, காலை நீட்டி, வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டாள். இருட்டியதும் கமலநாதன், சொன்னபடியே எல்லா விளக்குகளையும் போட்டார். ஜெரால்டின் வெளியே ஓடிவந்தாள்.

சிரிப்புச் சத்தத்தில் ஜாக்லின் விழித்தாள். “பார்த்துட்டாளா?”

“நல்லா பார்த்தாங்கம்மா. வீடியோவும் எடுத்துட்டாங்க.”