இரண்டரை கிகாபிட்

கையளவு மதர்போர்டு. கேம் ஆடுகிறவர்களுக்காகச் செய்தது என்பதால் விளக்கு, மினுக்கு, பெட்டியின் மேல் சீறும் சிங்கம் என்று பவிசுக்குக் குறைச்சலே இல்லை. அதன் நெட்வொர்க் வேகத்தை அளந்து சொல்வது சோதனைக்கூடத்தில் அவளுடைய வேலை. தம்பி செத்துப்போன ஆறாம் நாளே வேலைக்கு வந்துவிட்டாள். அழுகையும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை. கைகால்கள் யாருடையவையோ போலிருந்தன. வீட்டில் இருந்தால் சுவரைப் பார்க்க வேண்டும், இங்கே எண்களைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

கூடத்தின் தலைவருக்கு எல்லோரும் வைத்த பெயர் கறார். வஞ்சனையில்லாமல் வைத்திருந்தார்கள். "இன்னொரு தப்பு நடந்தா ரெண்டு வாரம் லீவு, பேச்சே கிடையாது" என்று நேற்றுதான் சொல்லியிருந்தார். மற்றவர்களுக்கு லீவு என்றால் இனிக்கும். அவளுக்கு அந்தச் சுவர்தான் நினைவுக்கு வந்தது.

அந்தச் சிங்க போர்டுக்கும் பக்கத்து மேசைக் கணினிக்கும் நடுவே கேபிளைச் செருகினாள். முகவரியைத் தட்டிப் பத்து நிமிடம் தரவை ஓடவிட்டாள். துளி இழப்பில்லை. வந்த எண்ணை அப்படியே அறிக்கையில் எழுதி அனுப்பிவிட்டாள்.

கறார் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஏம்மா, இந்த போர்ட்டோட உச்ச வேகம் எவ்ளோ?"

"ரெண்டரை கிகாபிட் சார்."

"நீ எழுதியிருக்கிறது நாப்பத்தொண்ணு. யாருக்குக் காது குத்துறே?"

திரையைப் பார்த்தாள். பக்கத்துக் கணினியின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் சிங்கத்தின் முகவரியையே தட்டியிருந்தாள். தரவு கேபிள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சிங்கம் தானே அனுப்பித் தானே வாங்கிக்கொண்டிருந்தது.

"லீவு மட்டும் வேணாம் சார். இப்பவே திரும்ப ஓட்டிடுறேன்."

அவள் கெஞ்சியதில் அவருக்கே சங்கடமாகிவிட்டது. "சரி, மத்தியானத்துக்குள்ள முடி" என்று நகர்ந்தார்.

இந்த முறை நாற்பது, ஐம்பது என்றெல்லாம் துள்ளாமல் 2.35 வந்தது. ஒழுங்கான எண். அதை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது, வீட்டிலிருந்து அப்பா. தோளில் இடுக்கிக்கொண்டாள். அவர் ஏதோ சொன்னார்.

"சாப்பிட்டேன்பா."

"நான் அதைக் கேக்கலியேம்மா."

"பின்ன?"

"தம்பி போன் நம்பரை நிறுத்திடவா, இருக்கட்டுமான்னு கேட்டேன். மூணு நாளா கேக்குறேன். நீ சாப்பிட்டேன், சாப்பிட்டேன்னே சொல்றே."

குரலில் குறைபட்டுக்கொள்கிற சாயல்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"நீங்க சாப்பிட்டீங்களாப்பா?"

"எனக்கு ஒருத்தனுக்காக என்னத்தம்மா அடுப்பைப் பத்த வைக்கிறது" என்றார்.

பேனா கையில் நின்றுவிட்டது. இத்தனை நாளாக மரத்துக்கிடந்த நெஞ்சு சுருக்கென்று வலித்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கறாரின் அறைக்குப் போய், அறிக்கையை மேசைமேல் வைத்தாள்.

"நம்பர் சரியா வந்துடுச்சு சார். நான் வீட்டுக்குக் கிளம்புறேன்."

"அட, நான் ஏதோ கோவத்துல சொன்னேன்மா…"

"பரவால்ல சார். ரெண்டு வாரம் லீவு எழுதிக்கோங்க."

படியிறங்கும்போது கண்ணீர் கண்ணை மறைத்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்பர் இருக்கட்டும்பா" என்றாள். "போனை வெச்சிடாதீங்க. நான் வந்துட்டிருக்கேன்."