இறங்காத எடை

மருத்துவமனைத் தராசில் ஏறுமுன் அவன் செருப்பைக் கழற்றினான், பெல்ட்டைக் கழற்றினான், பையிலிருந்த சாவிக்கொத்தையும் எடுத்து அண்ணனிடம் கொடுத்தான். சாவிக்கொத்தின் கனத்தை நம்புகிற நிலைமைக்கு வந்துவிட்டவனைப் பார்த்து வேறு நாளாக இருந்தால் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். அன்று சிரிக்கவில்லை. அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. பொருந்துவது தம்பியுடையதுதான். ஆனால் இந்த உடம்போடு அறுவைக்குப் படுக்க முடியாது, முதலில் எடையைக் குறைத்துக்கொண்டு வா என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தராசின் முள் ஆடி ஆடி, போன மாதம் நின்ற இடத்தைத் தாண்டிப் போய் நின்றது.

டாக்டரம்மா இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார்.

"வைட்டமின் டி-யும் ஏறல. மாத்திரை ஒழுங்கா போடறீங்கதானே?"

"ஒரு நாள்கூட விட்டதில்ல டாக்டர்."

"போடறதுல நிறைய உங்க கொழுப்புக்குள்ளயே போய் உக்காந்துக்குது. எடை குறைஞ்சா கொஞ்சமாவது இரத்தத்துல நிக்கும். முதல் மாசம் ஏறுச்சே, பாத்தீங்கல்ல? இந்த அளவோட ஒரு கிட்னியையும் கொடுத்துட்டா உங்க எலும்பு என்னத்துக்கு ஆகும்? நான் சம்மதிக்க முடியாது. அடுத்த மாசம் வாங்க."

அடுத்த மாதம் என்று சொல்லும்போது அவர் அண்ணன் பக்கம் திரும்பவில்லை.

தம்பிக்கு வேலை ஒரு பெரிய கடைக்கட்டடத்தின் அடியில், கார் நிறுத்துமிடத்தில். பகலென்றும் இரவென்றும் தெரியாத குழல்விளக்கு வெளிச்சத்தில், வருகிற வண்டிக்கு இடம் காட்டிக் காட்டியே வருடங்கள் போய்விட்டன. உடம்பில் வெயில் படணும் என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து மதிய இடைவேளையில் சரிவுப்பாதை ஏறி, கட்டட வாசலில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வெயிலில் நிற்பான். கூட வேலை செய்கிறவர்கள் வடகம் காய்கிறது என்று கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று நின்றான். முதல் மாதம் எடை இறங்கி, வைட்டமின் எண்ணும் மெல்ல மேலே வந்தபோது குதித்தது அண்ணன்தான். "பூசணிக்குள்ள வெயில் அடிக்குதுடா!" என்று வீடு முழுக்கக் கத்தினான். சின்ன வயதிலிருந்தே தம்பி அவனுக்குப் பூசணிதான். அதற்கப்புறம் எடை இறங்கவேயில்லை.

திரும்பும்போது பேருந்தில் அண்ணன் சாவிக்கொத்தைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தான்.

"பயமா இருந்தா சொல்லிடுடா. நான் கோவிச்சுக்க மாட்டேன். திருட்டுத்தனமா தின்னுட்டு, என்னை மாசா மாசம் ஆசை காட்டி இழுத்துட்டு வராதே."

"சத்தியமா இல்லண்ணா. அம்மா வைக்கிற சூப்பைத் தவிர ராத்திரிக்கு ஒண்ணும் தொடறதில்ல."

அண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வீங்கிய கால் செருப்புக்குள் அடங்காமல் பிதுங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் போய்ப் படுத்தான். தம்பி தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் போனான். அம்மா அடுப்பின் முன் நின்றிருந்தாள். வெந்த காய்கறித் தண்ணீரில் ஒரு பெரிய வெண்ணெய்க் கட்டி மிதந்தது. அவள் அது கரையும்வரை நிதானமாகக் கிண்டினாள். பிறகு பாலாடையை வழித்துப் போட்டாள்.

"என்னம்மா பண்றே?"

"மெதுவா பேசு. அவன் தூங்கியிருக்க மாட்டான்."

"அவன் செத்துடுவாம்மா."

"எனக்குத் தெரியாதா?" கரண்டி நிற்கவில்லை. "ரெண்டு பேரையும் ஒரே நாள்ல கத்திக்குக் கொடுத்துட்டு வெளியில உக்காந்திருக்க என்னால ஆகாது. ஒருத்தனாவது முழுசா இருங்கடா. பாவம் என் தலையோட போகட்டும்."

பாத்திரத்தைத் தூக்கிக் கவிழ்த்திருக்க வேண்டும். கோபமும் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று வந்துவிட்டது: அப்பாடா என்று ஒரு மூச்சு. அதைக் கண்டு அவனுக்கே உடம்பு கூசியது. வெறும் காய்கறித் தண்ணீர் இப்படித் தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகுமா? பிறந்ததிலிருந்து தின்றே வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? இத்தனை நாளும் இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லிக் கேட்டு வாங்கிக் குடித்தவன் யார்? அம்மா அவனை ஏமாற்றவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள், கண்ணை மூடிக்கொண்டு கூடவே போனான்.

அம்மா கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். அவன் உட்கார்ந்தான்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அண்ணன் வந்தான். எதிர் நாற்காலியில் மெல்ல இறங்கி உட்கார்ந்தான்.

"பஸ்ல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதே பூசணி." கரண்டியை எடுத்தான். "இந்தக் கண்றாவியத் தினம் எப்படித்தான் குடிக்கிறியோ. நானும் ஒரு வாய் குடிச்சுப் பாக்கறேன்."

"உனக்கு ஆகாதுடா," என்றாள் அம்மா.

"ஒரு வாய்தானேம்மா."

கரண்டி கிண்ணத்தை நோக்கி வந்தது. தம்பி கிண்ணத்தை இரண்டு கைகளாலும் தூக்கினான். கொதிக்கக் கொதிக்க, நிறுத்தாமல், கண்ணில் நீர் முட்ட, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கீழே வைத்தான்.

கிண்ணத்தின் உள்பக்கம் முழுக்க மஞ்சளாக மினுங்கியது. அண்ணன் கரண்டியைப் பிடித்தபடியே அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.